பிச்சாவரத்தின் வெண்ணிற இலைகள்

முன்னோர் மஹ்மூது பந்தர் என்றழைத்த பரங்கிப்பேட்டையில் ஓதிக்கொடுத்து வருபவன் நான். எங்களூருக்குத் தெற்கே, வெள்ளாற்றுக்கும் கொள்ளிடத்துக்கும் இடைப்பட்ட உப்பங்கழிகளில் பரந்து கிடக்கிறது பிச்சாவரம் சதுப்புநிலக் காடு. அதன் பசுமையைப் புகழாத பயணக் கட்டுரை இராது. ஆனால், நான் படமெடுத்துக் கொண்டுவந்த பிச்சாவரத்தில் இலைகள் யாவும் வெண்ணிறம், நீரோ மைக்கறுப்பு.

இதில் மாயம் எதுவுமில்லை. சிவப்பு நிறத்துக்கு அப்பால், நம் கண்ணுக்குப் புலப்படாத ஒளி ஒன்று உண்டென்பதை 1800ஆம் ஆண்டில் வில்லியம் ஹெர்ஷல் வெப்பமானியின் துணையால் கண்டறிந்தார். அகச்சிவப்பு எனப்படும் அவ்வொளியில் எடுத்த இயற்கைக் காட்சிகளை 1910இல் ராபர்ட் வுட் என்ற அமெரிக்க இயற்பியலாளர் வெளியிட்டார். பச்சை இலை இந்த ஒளியை உண்பதில்லை. இலைக்குள் இருக்கும் நுண்ணிய காற்றறைகளில் பட்டுச் சிதறி, பெரும்பகுதி வெளியே திரும்பிவிடுகிறது. நிறமற்ற நீரும் காற்றும் சேர்ந்த சோப்பு நுரை வெண்மையாகத் தெரிகிறதல்லவா, ஏறத்தாழ அதே கதைதான். நீர் இந்த ஒளியை விழுங்கிவிடும், ஆகவே கறுக்கிறது. தெளிந்த வானமும் அவ்வாறே இருண்டுவிடும்.

உங்கள் வீட்டிலேயே ஒரு சோதனை செய்து பார்க்கலாம். தொலைக்காட்சியின் ரிமோட்டைக் கைப்பேசிக் கேமராவுக்கு நேரே பிடித்து அழுத்துங்கள். கண்ணுக்குத் தெரியாத ஒளி, பல கைப்பேசிகளின் திரையில் ஊதா நிறத்தில் மின்னும். கேமராவின் சென்சாருக்கு அகச்சிவப்பைக் காணும் திறன் இயல்பாகவே உண்டு. படத்தின் நிறம் கெடாதிருக்கவே அதன் முன்னே ஒரு தடுப்புக் கண்ணாடியைப் பதித்திருக்கிறார்கள்.

முதல் முறை அந்தத் தடுப்பை அகற்றாமலேயே புறப்பட்டேன். லென்ஸின் முன்னே 720 நானோமீட்டர் ஃபில்டர் ஒன்றை மாட்டினால் போதுமென்று எண்ணினேன். பார்வைக்கு அது கறுப்புக் கண்ணாடி. கண்ணுக்குரிய ஒளி அனேகமாக எதையும் உள்ளே விடாது. (அதன் வழியே சூரியனைப் பார்த்துவிடக் கூடாது, இருட்டாகத் தெரிந்தாலும் உள்ளே வரும் கதிர் கண்ணைக் கெடுக்கும்.) தடுப்பும் ஃபில்டரும் ஒன்றோடொன்று மல்லுக்கு நிற்க, படமொன்றுக்கு இருபது விநாடி ஒளி தேவைப்பட்டது. நிலத்தில் முக்காலி போட்டு நிறுத்தினால் சரி. ஆடும் படகில்? நாற்பது படங்களும் கலங்கல் நீராய் முடிந்தன. "கூலி கொடுத்துக் குழப்பத்தை வாங்கி வந்தீர்களோ?" என்றார் என் வீட்டார். மறுமொழி சொல்ல வழியில்லை.

பின்னர் பழைய கேமரா ஒன்றை வாங்கி, பட்டணத்தில் ஒரு மெக்கானிக்கிடம் கொடுத்துத் தடுப்புக் கண்ணாடியை எடுக்கச் செய்தேன். உள்ளே தூசியோடு திரும்பி வந்தது. இரண்டாம் முறை அனுப்பிய பிறகே சீரானது. அதன்பின் கையில் பிடித்தபடியே நொடியின் நூற்றிலொரு பங்கில் எடுக்க முடிந்தது. ஒரு சங்கடம் மட்டும் இன்றும் தீரவில்லை. அகச்சிவப்புப் படத்துக்கு உகந்தது உச்சி வெயில். எனக்கு விடுமுறையோ வெள்ளிக்கிழமை. அன்றைய உச்சிப் பொழுது ஜும்ஆவுக்குரியது. ஆகவே காலையில் கிள்ளை வழியே போய், பத்து மணி வெயிலோடு திருப்தியடைந்து திரும்பிவிடுவேன்.

படகோட்டி ஐம்பதைக் கடந்தவர். பக்கத்துக் குப்பத்தைச் சேர்ந்தவர். சுரபுன்னையின் ஊன்றுவேர்கள் இருபுறமும் நீரில் கால் பதித்து நிற்க, துடுப்பின் ஓசை மட்டும் கேட்டது. குறுகிய நீர்வழி ஒன்றின் வாயிலில் படமெடுத்துத் திரையைக் காட்டினேன். அவர் முகம் சுருங்கியது.

"என்னங்க பாய், மரமெல்லாம் செத்து வெளுத்துப்போன மாதிரி இருக்குது?"

நேர்மாறானது என்று விளக்கினேன். இலை தழைத்து நிற்கும் மரமே இதில் வெளுக்கும். பட்ட மரத்தின் கிளையும் வெறும் ஈரச்சேறும் மங்கிக் கறுக்கும். செயற்கைக்கோள்கள் காட்டின் அடர்த்தியை அளப்பதற்கும் இந்த ஒளி உதவுகிறது என்றேன்.

அவர் திரையை மீண்டும் வாங்கிப் பார்த்தார். "இந்த வாய்க்கால் நேரா ஓடுது பாருங்க. ஆறு இப்படி நேரா ஓடாது. இது மண்வெட்டி போட்ட வழி."

முற்காலத்தில் இக்காட்டில் பகுதி பகுதியாக மரங்களை அடியோடு வெட்டினார்கள். வெட்டிய நிலம் வெயிலில் காய்ந்து தாழ்ந்தது. உள்ளே புகுந்த கடல்நீர் வடியாமல் தேங்கி உப்பேறியது. விதை விழுந்தாலும் முளைக்கவில்லை. 1990களில் எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனமும் வனத்துறையும் ஊர்மக்களைக் கொண்டு, மீன் முள் போலக் கிளைவிடும் வாய்க்கால்களை வெட்டின. ஏற்றவற்றம் தடையின்றி வந்து போகத் தொடங்கியதும் நாற்றுகள் பிடித்துக்கொண்டன. அந்த நாளில் இடுப்பளவு சேற்றில் நின்று கூலிக்கு வெட்டியவர்களில் நம் படகோட்டியும் ஒருவர்.

2004 டிசம்பர் 26 அன்று கடல் பொங்கி வந்ததைப் பற்றி நானாகக் கேட்கவில்லை, அவராகவே சொன்னார். வலை போயிற்று, படகு போயிற்று, வீடு நின்றது என்றார். கடலூர் மாவட்டக் கரையில் மரங்கள் அடர்ந்த பகுதிகளின் பின்னிருந்த ஊர்களில் சேதம் குறைவு என்று 2005இல் ஓர் ஆய்வு வெளிவந்தது. ஊர் அமைந்த உயரமும் கடலிலிருந்து அதன் தொலைவுமே பெரிய காரணங்கள் என்று வாதிட்டவர்களும் உண்டு. படகோட்டிக்கு இந்த வழக்கில் ஐயமே இல்லை.

வீடு திரும்பிக் கணினியில் திறந்தால் படம் முழுதும் செங்கல் நிறமாக இருக்கும். இலையை வெண்மை என்று கணினிக்கு அடையாளம் காட்டினால் நிறங்கள் ஒழுங்குபடும். சிவப்பையும் நீலத்தையும் இடம் மாற்றினால் வானம் நீலமாகும். இலைகளை ரோஜா நிறமாக்கி மகிழ்வோரும் உண்டு. எனக்கு அது கல்யாணப் பந்தலின் காகிதப் பூவாகவே தோன்றுகிறது. நான் கறுப்பு வெள்ளையோடு நின்றுவிடுவேன்.

மறுவாரம் பெரிய அளவில் பிரதியெடுத்துக்கொண்டு போனேன். படகோட்டி கையைத் துடைத்துவிட்டு வாங்கினார். வெண்மைக்கு நடுவே ஓடிய கறுப்புக் கோட்டின் மேல் விரலை மெல்ல ஓட்டினார். பிறகு தலையை அசைத்தார்.

"இது எங்க ஆளுங்க வெட்டினது இல்லீங்க பாய். நாங்க வெட்டினது இன்னும் தெக்கால. ஏறுங்க, காட்டுறேன்."