ஆலையில்லா ஊரின் சர்க்கரை

பங்குனி மாதம், விடிய ஐந்து மணி. கனகராயன்குளத்தில் கண்டி வீதியை விட்டிறங்கி ஆற்றுப் பக்கம் நடந்தேன். மரம் கண்ணில் படுமுன்னே புளித்த பாணி போல ஒரு வாசம்.

"பூவை மிதிச்சுப் போடாதேங்கோ தம்பி!"

இருட்டுக்குள்ளிருந்து வந்த குரல். டோர்ச்சை அடித்தால் நிலமெல்லாம் வெள்ளை மணிகள். எழுபது தாண்டிய ஓர் அம்மாவும் மருமகளும் குந்தியிருந்து இலுப்பைப்பூ பொறுக்கிக்கொண்டிருந்தார்கள்.

இலுப்பைப்பூவை யாரும் பறிப்பதில்லை. விடியப்புறத்தில் அதுவாக உதிரும். வெயில் ஏறினால் எறும்பும் மாடும் முந்திவிடும். ஒன்றை வாயில் போட்டேன். சதைப்பற்று, தேனினிப்பு, கடைசியில் கொஞ்சம் காட்டு நெடி. காய்ந்த பூவில் பாதிக்கு மேல் சர்க்கரைதான். இந்தியாவின் பஸ்தர்க் காடுகளில் கோண்டுப் பழங்குடி மக்கள் இதையே உலர்த்தி உணவாக்குகிறார்கள், சாராயமும் வடிக்கிறார்கள். இந்த அம்மாவின் வீட்டில் வறுத்து, எள்ளோடு இடித்து உருண்டை பிடிக்கிறார்கள்.

"பூ பிள்ளையளுக்கு. கொட்டைதான் எங்களுக்குக் காசு. ஆடியிலை வாங்கோ" என்றார் அம்மா.

ஆடியில் போனேன். இம்முறை பொறுக்கியது கொட்டை. வௌவால் பழத்தின் சதையைத் தின்றுவிட்டுக் கொட்டையைப் போட்டுவிடுகிறது. தோல் உரிக்கும் வேலை மிச்சம். "அதுகள் எங்கட கூலியில்லாத ஆக்கள்" என்று சிரித்தார் மருமகள். கொட்டையை வெயிலில் காயவிட்டு, கல்லால் தட்டி ஓட்டை நீக்கி, பருப்பை மறுபடி காயவைக்க வேண்டும். ஈரம் நின்றால் பூஞ்சணம் பிடித்துவிடும். தட்டித் தட்டி அம்மாவின் பெருவிரல் நகம் கறுத்துப்போயிருந்தது. முன்பு மாட்டுச் செக்கு. இப்போது பருப்பு மூட்டை பஸ்ஸேறி மெஷினுக்குப் போகிறது.

வரும் எண்ணெய் இளமஞ்சள். மார்கழிக் குளிரில் வெண்ணெய் போல உறையும். கோயில் விளக்குக்கு, மூட்டுவலிக்கு, பழைய ஆட்களின் பலகாரச் சட்டிக்கு என்று அதற்கு வேலை பல. பிண்ணாக்கு அரப்பாகித் தலைமுழுக்குக்குப் போகும். அதிலுள்ள சப்போனின் நுரைத்து அழுக்கெடுக்கும். அதே பிண்ணாக்கைத் தண்ணீரில் கரைத்தால் மீன் மயங்கி மிதக்கும்.

"போர்க்காலப் பொருளாதாரத் தடையிலை மண்ணெண்ணெய் இல்லை, சவுக்காரம் இல்லை. இந்த எண்ணெயிலை திரி போட்டுத்தான் பிள்ளையளைப் படிப்பிச்சனான். தலைக்கு அரப்பு" என்றார் அம்மா.

மாயக் கதைகளில் ஒரே செடி பசி தீர்க்கும், நோய் தீர்க்கும், இருளில் ஒளி தரும், எதிரியை மயக்கவும் செய்யும். இலுப்பை அவ்வளவையும் செய்கிறது. ஆனால் மந்திரம் எதுவும் இல்லை. விடியுமுன் குனிகிற முதுகும் கறுத்த நகமும்தான் உண்டு. 'ஆலையில்லா ஊருக்கு இலுப்பைப்பூ சர்க்கரை' என்பதை ஏளனமாகவே கேட்டு வளர்ந்தவன் நான். ஆலையும் கடையும் கைவிட்ட ஆண்டுகளில் ஓர் ஊரை மரம் தாங்கிய கணக்கு அது என்று இங்கேதான் விளங்கியது.

அம்மா 2008இல் போரால் இடம்பெயர்ந்து, முகாமிலிருந்து திரும்பியபோது வளவில் நின்ற இரண்டு மரங்களும் இல்லையாம். ஆற்றங்கரையில் முளைத்திருந்த கன்றொன்றைப் பிடுங்கி வந்து வேலியோரம் நட்டிருக்கிறார். இலுப்பை காய்க்கப் பத்து வருடமாவது வேண்டும். அந்த மரம் இப்போதுதான் காய்க்கத் தொடங்கியிருக்கிறது.