உள்பக்கம் திருப்பிப் பாருங்க

தாம்பரம் சண்முகம் ரோட்டுல போன மாசம் வாங்கின 299 ரூபா குர்தி.
மூணாவது துவைப்புலயே அக்குள் தையல் விட்டுடுச்சு.

தெருமுனை டெய்லர் அக்காகிட்ட கொண்டு போனேன்.
உள்பக்கம் திருப்பிக் காட்டுனாங்க.
"பாரும்மா, தையலுக்கு வெளியே கால் அங்குலம்கூட துணி விடல. எதைப் புடிச்சு தைக்கிறது?"

சின்ன வயசுல அம்மா தைச்சுக் கொடுத்த சட்டை ஞாபகம் வந்துச்சு.
ரெண்டு பக்கமும் தாராளமா துணி விட்டிருப்பாங்க.
நாங்க வளர வளர பிரிச்சு விடுவாங்க.
ஒரு சட்டை மூணு தீபாவளி பார்க்கும்.

நல்லா தைக்க ஆள் இல்லாத ஊரா இது?
1984-லேயே தாம்பரம் சானடோரியத்துல மெப்ஸ் ஏற்றுமதி மண்டலம் வந்தாச்சு.
அங்க ஏற்றுமதிக்குத் தைக்கிற பெண்கள் எத்தனை பேர்!
வெளிநாடு போற சட்டையில ஒரு நூல் பிசிறு இருந்தாலும் செக்கிங்ல தள்ளிடுவாங்க.

கையில குறை இல்லங்க.
விலையைக் குறைக்க துணியைக் குறைக்கிறாங்க, தையலை நெருக்கமா போடுற நேரத்தையும் குறைக்கிறாங்க.
நஷ்டம் வாங்குறவங்களுக்கும் தைக்கிறவங்களுக்கும்தான்.

அடுத்த தடவை கடைக்குப் போனா கலரை மட்டும் பார்க்காதீங்க.
உள்பக்கம் திருப்பி, தையலை ரெண்டு கையாலயும் லேசா இழுத்துப் பாருங்க.
இடைவெளி தெரிஞ்சா வாங்காதீங்க.