மெலிந்த மடிக்கணினியும் மூன்று ஒப்பாரிகளும்

அண்ணனும் தங்கையுமாக நாங்கள் இருவரும் பணம் போட்டு வாங்கிய இரண்டாவது மடிக்கணினி அது. 2024ஆம் ஆண்டு ஆடித் தள்ளுபடியில் வாங்கினோம். எடை ஒரு கிலோ இருநூறு கிராம். மூடிய நிலையில் தடிமன் ஒன்றரைச் சென்டிமீட்டர். கடையிலிருந்து வீடு வரும் வழியில், பெட்டிக்குள் கணினி இருக்கிறதுதானா என்று இருமுறை திறந்து பார்த்தோம். கனத்த தீபாவளி மலர் ஒன்றைத் தூக்குவதற்கும் அதைத் தூக்குவதற்கும் பெரிய வேறுபாடு தெரியவில்லை.

வாங்கியதற்குக் காரணம் எங்கள் அப்பத்தா. அறந்தாங்கிக்கு அருகே ஒரு சிற்றூரில் இருக்கிறார், வயது எண்பத்தேழு. தாலாட்டும் நடவுப் பாட்டும் ஒப்பாரியும் அவரிடம் ஏராளம். 2012இல் ஒருமுறை, எங்கள் முதல் மடிக்கணினியைச் சுமந்து சென்று பதிவு செய்ய முயன்றோம். 2007இல் வாங்கிய அந்தக் கணினி மூன்று கிலோவுக்குச் சற்றே குறைவு. மின்னேற்றியையும் சேர்த்தால் தோள்பட்டை இரண்டு நாள் வலிக்கும். பாடத் தொடங்கிய கால் மணி நேரத்தில் அதன் விசிறி சுழல ஆரம்பித்துவிட்டது. பதிவைக் கேட்டபோது அரிசி ஆலைக்குள் நின்று யாரோ பாடுவது போலிருந்தது. அத்தோடு கைவிட்டோம்.

சுமந்து செல்லும் கணினி என்பதே ஒரு காலத்தில் வேடிக்கையான சொல்லாகத்தான் இருந்திருக்கும். 1981இல் வெளிவந்த ஆஸ்போர்ன் 1 ஏறத்தாழ பதினோரு கிலோ. தையல் எந்திரத்தைப் போலக் கைப்பிடி பற்றித் தூக்க வேண்டும். 2008 சனவரியில் ஸ்டீவ் ஜாப்ஸ் மேடையில் ஓர் அலுவலகக் காகித உறைக்குள்ளிருந்து மேக்புக் ஏரை உருவிக் காட்டினார். 1.36 கிலோ எடை. மிகத் தடித்த இடத்தில் 1.94 சென்டிமீட்டர். அரங்கம் கைதட்டியது. அதில் இல்லாதவற்றைக் கொஞ்சம் எண்ணிப் பார்க்கலாம்: குறுந்தட்டு இயக்கி இல்லை, இணையக் கம்பியைச் செருக இடமில்லை, யுஎஸ்பி துளை ஒன்றே ஒன்று, தற்காலிக நினைவகம் தாய்ப்பலகையோடு சேர்த்துப் பற்றவைக்கப்பட்டிருந்தது. மெலிவு கழித்தலால் கிடைப்பது. கழிக்கப்பட்டவை எங்கே போயின என்ற கேள்வியை நாங்கள் அன்று கேட்கவில்லை. எங்கள் கணினியை வாங்கியபோதும் கேட்கவில்லை.

முதலில் நன்மைகளைச் சொல்லிவிட வேண்டும், அவை மெய்யானவை. கிளாம்பாக்கத்தில் இரவுப் பேருந்து ஏறி, புதுக்கோட்டையில் இறங்கி, இரண்டு நகரப் பேருந்துகள் மாறி, கடைசி ஒன்றரைக் கிலோமீட்டர் நடந்து போகிறவர்களுக்கு ஒன்றே முக்கால் கிலோ குறைவது சிறிய செய்தியன்று. அதற்குள் விசிறியே இல்லை. ஆகவே பதிவில் அப்பத்தாவின் குரலும், முற்றத்துக் கோழிகளும், அவர் பாட்டுக்கு நடுவே விடும் மூச்சும் மட்டுமே இருந்தன. காலையில் மின்சாரம் போனால் மாலையில்தான் வரும் ஊரில், பகல் முழுவதும் மின்கலம் தாங்கியது. எல்லாவற்றுக்கும் மேலாக, அப்பத்தா அதைக் கண்டு மிரளவில்லை. "இது என்னத்தா, சிலேட்டு மாதிரி இருக்கு" என்று மடியில் வாங்கி வைத்துக்கொண்டார்.

சின்னத் தொல்லைகளும் இருந்தன. எங்கள் ஒலிவாங்கியின் செருகி பழைய வகை. கணினியின் துளைகளோ புதிய வகை. இடையே ஓர் இணைப்பான் வேண்டும். முதல் பயணத்தில் அதைச் சென்னையிலேயே மறந்து வைத்துவிட்டோம். நீண்ட ஒலிக்கோப்புகளைத் தூய்மைப்படுத்தும்போது அடிப்பகுதி சுட்டது. விசிறியில்லாத செயலி சூட்டைத் தணிக்கத் தன் வேகத்தைத் தானே குறைத்துக்கொண்டது.

விசைப்பலகைதான் எங்களை அதிகம் சோதித்தது. நாங்கள் தமிழ்99 முறையில் தட்டச்சு செய்கிறவர்கள். அம்முறையில் ஒரே மெய்யை அடுத்தடுத்து இருமுறை தட்டினால் முதல் எழுத்துக்குப் புள்ளி தானாக விழும். மிக வசதியான ஏற்பாடு. ஆனால் விசை ஒரு மில்லிமீட்டர் அளவே இறங்கும் மெலிந்த பலகையில், தட்டியது பதிந்ததா என்று விரலுக்குத் தெரிவதில்லை. ஐயத்தில் மீண்டும் தட்டுவோம். 'விடு' என்பது 'விட்டு' ஆகிவிடும். வேகத்தில் ஒரு தட்டு தவறும். 'பாட்டு' என்பது 'பாடு' ஆகிவிடும். ஒப்பாரியைப் பெயர்த்தெழுதுகிறவர்களுக்கு இது வெறும் எழுத்துப்பிழை அன்று. பாடியவர் சொன்னது எது, எங்கள் விரல் சொன்னது எது என்று ஒவ்வொரு வரியிலும் திரும்பக் கேட்க வேண்டியிருந்தது.

நிற்க. மூன்றாவது பயணம் 2025 பொங்கல் முடிந்த வாரம். ஒப்பாரியை வீட்டுக்குள் பாட அப்பத்தா ஒருபோதும் ஒப்பவில்லை. "வீட்டுக்குள்ள ஒக்காந்து ஒப்பாரி வச்சா குடும்பத்துக்கு ஆகுமா? வாங்க, மோட்டார் கொட்டாய்க்குப் போவோம்" என்றார். நிறுத்திய மோட்டாருக்கு அருகே, சாக்கை விரித்து அமர்ந்து, தம் அக்காள் இறந்தபோது தாம் கட்டிய மூன்று ஒப்பாரிகளைப் பாடினார். ஒன்றே கால் மணி நேரம். பாதியில் அவர் பாடுகிறாரா அழுகிறாரா என்று எங்களுக்குத் தெரியவில்லை. முடிந்ததும் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, "போதும், இனிமே கேக்கக் கூடாது" என்றார்.

அன்றிரவு திண்ணையில் கணினியை வைத்துக்கொண்டு கேட்டுக் கேட்டு எழுதிக்கொண்டிருந்தோம். பக்கத்தில் தண்ணீர்ச் செம்பு. எங்களில் யார் கை பட்டது என்பதை இன்றுவரை நாங்கள் பேசிக்கொள்வதில்லை. திரை ஒருமுறை சிமிட்டி அணைந்தது.

எங்களுக்குப் பெரிய அச்சம் வரவில்லை. பழைய அனுபவம் அப்படி. 2016இல் முதல் மடிக்கணினி செத்தபோது, சென்னை ரிச்சி தெருவில் ஒருவர் இரண்டு திருகாணிகளைக் கழற்றி, வன்தட்டை உருவி, ஒரு சிறு பெட்டியில் பொருத்தி, ஒன்பதாண்டுக் கோப்புகளையும் அரை மணியில் கையில் கொடுத்தார். இம்முறையும் அப்படித்தான் என்று நினைத்துச் சென்னை திரும்பினோம். பழுது பார்ப்பவர் அடிமூடியைத் திறந்து எங்களை அருகே அழைத்துக் காட்டினார். உருவுவதற்கு வட்டு என்று ஒன்றுமில்லை. சேமிப்பகம் சில கறுப்புச் சில்லுகளாகத் தாய்ப்பலகையிலேயே பற்றவைக்கப்பட்டிருந்தது. அதிலுள்ளவை மறையாக்கம் செய்யப்பட்டவை. அதற்கான சாவியும் அதே பலகையில் இருக்கிறது. பலகை உயிர் பெற்றால்தான் கோப்புகள் உயிர் பெறும். பதினெட்டு நாள் முயன்றார். பெறவில்லை.

முதல் இரு பயணங்களின் பதிவுகள் வெளிவட்டில் பத்திரமாக இருந்தன. மூன்றாவது பயணத்துக்கு அந்த வட்டை நாங்கள் எடுத்துப் போகவில்லை. காரணத்தைச் சொல்ல வெட்கமாக இருக்கிறது: பையில் சுமை கூட வேண்டாமே என்றுதான். இணையத்தில் ஏற்றிவைக்க அவ்வூரில் அலைவரிசை போதாது.

அப்பத்தாவிடம் தொலைபேசியில் சொன்னோம். சற்று நேரம் பேசவில்லை. பிறகு, "போனாப் போகட்டும் ராசா" என்றார். இன்னொரு முறை பாட முடியுமா என்று தயங்கித் தயங்கிக் கேட்டோம். "செத்தவளுக்கு ஒருக்காத்தான் அழுகணும். திரும்பத் திரும்ப அழுதா அவ போற வழிக்குத் தடங்கல்."

கணினியிலிருந்து கழிக்கப்பட்ட எடை காணாமற்போவதில்லை. உடையவரின் தலைக்கு மாறுகிறது என்பதே நாங்கள் கற்றது. கழற்றக்கூடிய வட்டு நமக்காகச் செய்த வேலையை இப்போது நாமே நாள்தோறும் செய்ய வேண்டும். நினைவகத்தைப் பின்னர் கூட்ட முடியாதென்றால், ஐந்தாண்டுத் தேவையை வாங்கும் நாளிலேயே கணித்தாக வேண்டும். மெலிவின்மீதே பழி போடவும் முடியாது. 2021இல் ஃபிரேம்வொர்க் என்னும் நிறுவனம் 1.3 கிலோ எடையில், நினைவகத்தையும் சேமிப்பகத்தையும் மின்கலத்தையும் வாங்கியவரே மாற்றிக்கொள்ளும்படி ஒரு கணினியைச் செய்து காட்டிவிட்டது. ஆக, பற்றவைத்தல் தவிர்க்க முடியாத விதியன்று, ஒரு தேர்வு. வாங்குமுன் அடிமூடிக்குள் என்ன இருக்கிறது என்று கேட்கும் உரிமை நமக்கு உண்டு. நாங்கள் விலையையும் எடையையும் மட்டுமே கேட்டோம்.

மீண்டும் மெலிந்த கணினியே வாங்கினோம். இரவுப் பேருந்து மாறிவிடவில்லை அல்லவா? இம்முறை சேமிப்பகத்தைக் கழற்ற முடிகிறதா என்று உறுதி செய்துகொண்டோம். பையில் வெளிவட்டு, இணைப்பான், விசை ஆழமாக இறங்கும் தனி விசைப்பலகை ஆகியவையும் சேர்ந்துவிட்டன. எடை பார்த்தோம்: இரண்டரைக் கிலோ.

அந்த மூன்று ஒப்பாரிகளையும் எங்கள் இருவர் நினைவிலிருந்து ஒரு நாற்பது பக்க நோட்டில் எழுதினோம். தெரியாத இடங்களில் புள்ளிகள் வைத்தோம். 2025 சித்திரையில் ஊருக்குப் போய், மோட்டார் கொட்டகையில் அமர்ந்து அப்பத்தாவுக்குப் படித்துக் காட்டினோம். பாட மாட்டேன் என்றவர், தவறான சொல் வந்தபோதெல்லாம் பொறுக்க மாட்டாமல், "அப்புடி இல்லத்தா" என்று வெறும் பேச்சாகவே திருத்திச் சொன்னார். பக்கம் பக்கமாகப் புள்ளிகள் குறைந்தன. மெட்டு போய்விட்டது. நான்கு இடங்களில் இன்னும் புள்ளிகள் இருக்கின்றன. அவை அப்பத்தாவுக்கும் நினைவில்லை. "அது அழுகையில வந்தது" என்கிறார்.