வட்டைக்கு ஒரு துவக்கு



கொஞ்சம் நீளமான பதிவு. வயல், வட்டை என்று தொடர்பு இல்லாதவர்கள் கடந்து போகலாம். வீட்டில் இளம் பிள்ளைகள் இருப்பவர்கள் கடைசி வரை வாசித்தால் நல்லது.

சில மாதங்களாக ஊரில் ஒரு கதை. "சேர் ஊட்டு ஆக்கள் ரிப்பீட்டர் துவக்கு வாங்கப் போறாங்களாம்." பள்ளிவாசல் முன்றலில் கேட்டார்கள், பாடசாலை ஓய்வறையிலும் கேட்டார்கள். ஒவ்வொருவருக்கும் தனித்தனியாக விளக்கம் சொல்வதை விட ஒரே இடத்தில் எழுதிவிடலாம் என்று நினைத்தோம். நாங்கள் என்றால், வாப்பாவின் காணியை ஒன்றாகச் செய்கிற சகோதரர்கள் மூவரும் மச்சானும்.

பொத்துவில் பக்கத்துக் காட்டோரம் வயல் செய்பவர்களுக்கு நாங்கள் விளக்கத் தேவையில்லை. கதிர் பால் பிடிக்கிற நேரம் பார்த்துப் பன்றிக் கூட்டம் இறங்கும். அது தின்பது கொஞ்சம், உழக்கிச் சாய்ப்பதுதான் அதிகம். விடியப் போய்ப் பார்த்தால் பாய் விரித்தது போலக் கிடக்கும். உரத்துக்கும் எண்ணெய்க்கும் மெஷினுக்கும் பட்ட கடன் அந்த ஒரு இரவில் அப்படியே நம் தலையில் நிற்கும். போன பெரும்போகம் எங்களுக்கு அப்படித்தான் போனது. வாடியில் காவல் இருந்தோம், ரோச் லைட் அடித்தோம், தகரம் தட்டினோம், வெடி கொளுத்தினோம். முதல் வாரம் ஓடின பன்றி மூன்றாவது வாரம் நின்று பார்த்தது.

அப்போதுதான் தூரத்து உறவு முறையான ஒரு பெரியவர் தன்னுடைய துவக்கை விற்க நினைக்கிறார் என்று கேள்விப்பட்டோம். அனுமதிப்பத்திரம் உள்ள 12 போர் ரிப்பீட்டர். அவருக்கு வயதாகிவிட்டது, பிள்ளைகள் வெளிநாட்டில். எங்களில் இளையவருக்கும் மச்சானுக்கும் கண் மின்னியது. வட்டைக்கும் ஆகும், விளையாட்டுக்குக் குறி பார்த்துச் சுடவும் பழகலாம், காலம் வாய்த்தால் வேட்டைக்கும் போகலாம் என்று கணக்குப் போட்டார்கள்.

முதலில், தெரியாதவர்களுக்காக. 12 போர் என்பது அங்குலக் கணக்கு அல்ல. ஒரு இறாத்தல் ஈயத்தைப் பன்னிரண்டு சம உருண்டைகளாக உருட்டினால் ஒரு உருண்டை என்ன பருமனோ அதுதான் குழாயின் உள்விட்டம், ஏறத்தாழ 18.5 மில்லிமீற்றர். எங்கள் பகுதியில் கமக்காரர்களிடம் இருப்பது பெரும்பாலும் ஒற்றைக் குழல். நடுவில் மடித்து ஒரு தோட்டா போட்டு, சுட்டபின் மீண்டும் மடித்து அடுத்ததைப் போட வேண்டும். எங்களுக்கு வந்த ரிப்பீட்டர் அப்படியல்ல. ஒரு தோட்டா வெடித்தவுடன் வெற்றுக் கூட்டைத் தானே வெளியே தள்ளி, அடுத்ததைத் தானே ஏற்றிக்கொள்ளும். விசையை அழுத்துவது மட்டும்தான் நம் வேலை.

அந்தப் பெரியவர் வீட்டுக்கு நான்கு பேரும் போனோம். துவக்கை அவர்தான் கையில் வைத்திருந்தார், நாங்கள் பக்கத்தில் நின்று பார்த்தோம். எங்களுக்கு வாப்பா முறையான, நாற்பது வருடம் துவக்கு வைத்திருந்த ஒருவரையும் கூட்டிப் போயிருந்தோம். பழைய துவக்கு பார்க்கிறவர்கள் எதைப் பார்க்க வேண்டும் என்று அன்று அவரிடம் படித்தோம்.

வெளியில் மினுங்குவதைப் பார்க்காதே, உள்ளே பார் என்றார். தோட்டா இல்லை என்று இரண்டு தரம் உறுதி செய்து, குழாயைக் கழற்றி வெளிச்சத்துக்குப் பிடிக்கச் சொன்னார். உள்ளே வளையம் வளையமாக ஒளி ஒழுங்காகத் தெரிய வேண்டும். ஓரிடத்தில் வளையம் நெளிந்தால் அங்கே நெளிவோ வீக்கமோ இருக்கிறது. கரும்புள்ளி இருந்தால் துரு இரும்பைத் தின்ற இடம் அது. மேல் துருவைத் துடைக்கலாம், தின்ற குழியை நிரப்ப முடியாது.

அடுத்தது தோட்டா இருக்கும் அறையின் நீளம். பழைய துவக்குகள் சிலவற்றுக்கு 65 மில்லிமீற்றர் அறை, இன்றைய தோட்டா பெரும்பாலும் 70. சுடாத தோட்டாவின் வாய் மடிந்திருப்பதால் 70 தோட்டா அந்தச் சின்ன அறைக்குள்ளும் சிக்கலில்லாமல் போய்விடும். வெடிக்கும்போது மடிப்பு விரிய இடம் இல்லாமல் அமுக்கம் கூடும். உள்ளே போகிறதே என்று நம்பிச் சுடக்கூடாது. குழாயில் அடித்திருக்கிற இலக்கத்தை வாசிக்க வேண்டும்.

இந்த ரிப்பீட்டர், சுடும்போது குழாயே பின்னால் போய் வருகிற வகை. ஜோன் பிரவுனிங் வடிவமைத்து 1902 இல் பெல்ஜியத்தில் தயாரிப்புக்கு வந்த முறை அது. முன்கட்டைக்குள் ஒரு சுருளும் உராய்வு வளையங்களும் இருக்கும். பாரம் குறைந்த தோட்டாவுக்கு வளையத்தை ஒரு விதமாகவும் பாரம் கூடியதற்கு இன்னொரு விதமாகவும் மாற்றிப் போட வேண்டும். மாற்றாமல் வருடக்கணக்கில் சுட்டால் உதை முழுவதும் மரத்துக்கும் இரும்புக்கும் போகும். பெரியவர் முன்கட்டையைக் கழற்றினார். உள்பக்கம் மயிரிழை போல ஒரு வெடிப்பு, அதன் மேல் பழைய பசை. அவர் மறைக்கவில்லை. "நான் வாங்கக்கொள்ளையே இருந்திச்சு மகன்" என்றார். நல்ல மனிதர்.

இவ்வளவுக்கும் விலை பேசவில்லை. பேசவும் முடியாது. துவக்கு மாடோ மோட்டார் சைக்கிளோ அல்ல, காசைக் கொடுத்துக் கையில் வாங்கிக்கொண்டு வர. இலங்கையில் 1916 ஆம் ஆண்டின் 33 ஆம் இலக்கத் துப்பாக்கிகள் கட்டளைச் சட்டம் இன்றும் நடைமுறையில் இருக்கிறது. 1996 இல் திருத்தி, தண்டனையைக் கடுமையாக்கினார்கள். வாங்குபவருக்கு முதலில் அனுமதி, பிறகுதான் துவக்கு. கிராம சேவகர், பொலிஸ், கச்சேரி என்று விசாரணை நடந்து, விடயம் பாதுகாப்பு அமைச்சு வரை போகும். அனுமதிப்பத்திரம் கிடைத்தாலும் ஒவ்வொரு வருடமும் டிசம்பர் 31 உடன் முடியும், புதுப்பிக்க வேண்டும். முக்கியமான ஒன்று, அது ஆளுக்குத்தான், வீட்டுக்கு அல்ல. காக்காவின் பெயரில் எடுத்ததைத் தம்பி தூக்கிக்கொண்டு வட்டைக்குப் போக முடியாது. நால்வரும் சேர்ந்து காசு போட்டாலும் பதில் சொல்ல வேண்டியவர் ஒருவர்தான்.

அன்று இரவு வீட்டில் பேச்சு நடந்தது. உம்மா அதுவரை வாய் திறக்கவில்லை. பிறகு ஒன்று கேட்டார். "2019 இல நம்மட குசினிக் கத்திக்கும் பயந்துக்கிட்டு இருந்தமே, மறந்திட்டீங்களா?"

மறக்கவில்லை. 2019 ஏப்ரல் 21 க்குப் பிறகு வந்த தேடுதல்களை எங்கள் வயதுக்காரர் யாரும் மறக்க முடியாது. உம்மாவின் வயதுக்காரர்களுக்கு அதற்கு முன்னாலும் ஒரு கணக்கு இருக்கிறது. 1990 ஆகஸ்டில் காத்தான்குடியிலும் ஏறாவூரிலும் நடந்ததற்குப் பிறகு, துவக்கோடு நின்ற ஊர்காவல் படையினரை நம்பித்தான் எங்கள் ஊர்கள் இரவில் கண் மூடின. அதே துவக்குச் சத்தத்தில்தான் பிள்ளைகள் திடுக்கிட்டு எழுந்து அழுததும். துவக்கு என்ற சொல் அவருக்குப் பன்றியை ஞாபகப்படுத்தாது. அந்த நாட்களைத்தான் ஞாபகப்படுத்தும்.

மூத்த காக்கா உம்மாவுக்குச் சொன்ன பதிலை இங்கே எழுத வேண்டும். சட்டப்படி, எல்லாருக்கும் தெரிய, பத்திரத்தோடு வைத்திருப்பது பயப்பட வேண்டிய விடயம் அல்ல உம்மா. கமக்காரனுக்குச் சட்டம் கொடுக்கிற உரிமை அது, நாமும் இந்த நாட்டின் கமக்காரர்தான். பயந்து ஒதுங்கினால் ஆக்கள் களவாகச் செய்வதைத்தான் செய்வார்கள். உம்மா அதற்குத் தலையாட்டினார். "அப்ப வட்டைக்கு என்ன தேவையோ அத மட்டும் எடுங்க" என்றார்.

அந்த ஒரு சொல்லில்தான் எங்கள் முடிவு வந்தது.

வேட்டை முதலில் கழிந்தது. மான், மரை எல்லாம் 1937 ஆம் ஆண்டின் வனவிலங்கு, தாவரப் பாதுகாப்புக் கட்டளைச் சட்டத்தின் கீழ் பாதுகாக்கப்பட்டவை. பயிர்க் காவலுக்கு எடுத்த துவக்கால் மான் சுட்டால் பத்திரமும் போகும், ஆளும் மறியலுக்குப் போவார். பன்றியைச் சுட்டால் நமக்கு அது இறைச்சியும் அல்ல. ஆகவே வேட்டை என்ற பேச்சுக்கே இடமில்லை. பொழுதுபோக்குக்காக உயிரைச் சுடுவது பற்றி மார்க்கத்தில் தெளிவு இருக்கிறது. உயிருள்ள எதையும் குறிப்பலகை ஆக்குவதை நபி (ஸல்) அவர்கள் தடுத்தார்கள். குறி பார்க்கப் பழகுவது வேறு. அதற்குக் களிமண் தட்டை எறிந்து சுடுகிற ஒலிம்பிக் விளையாட்டு இருக்கிறது, முறையான சங்கமும் மைதானமும் அதற்கு வேண்டும். வட்டை வரம்பு அதற்கான இடம் அல்ல. இளையவர் முகம் கொஞ்சம் வாடியது, ஆனால் ஏற்றுக்கொண்டார்.

மிச்சம் இருந்தது காவல் மட்டும். காவலுக்கு ரிப்பீட்டர் தேவையா?

இரவில் வரம்பில் நடப்பதை நினைத்துப் பாருங்கள். சேறு, வழுக்கல், ஒரு கையில் ரோச். ஒற்றைக் குழலை மடித்துக் கையில் தொங்கவிட்டு நடந்தால், வெடிக்காது என்பது தூரத்தில் வருகிறவனுக்கும் தெரியும். பக்கத்து வயல்காரர் பயமில்லாமல் கிட்ட வருவார். ரிப்பீட்டரைப் பார்த்து உள்ளே தோட்டா இருக்கிறதா இல்லையா என்று யாராலும் சொல்ல முடியாது. ஒரு வெடி வைத்தவுடன் அடுத்ததை அது ஏற்றிவிடும். பதற்றத்தில் ஓடுகிறவன் கையில் எந்நேரமும் தயாராக இருக்கிற துவக்கு. கீழே உள்ள குழாயில் இருப்பதையெல்லாம் எடுத்தபின்னும் அறையில் ஒன்று இருக்கலாம். பெரிய ரவை சில நூறு மீற்றர் போகும், நம் வட்டையில் இரண்டு வாடிக்கு இடையில் அவ்வளவு தூரம் இல்லை. பன்றியைக் கலைக்க ஒரு சத்தமே பெரும்பாலும் போதும். ஐந்து வெடி அடுத்தடுத்துத் தேவைப்படுகிற வேலை எங்கள் வயலில் இல்லை.

ஆகவே பெரியவரிடம் போய் மரியாதையாகச் சொன்னோம், வாங்கவில்லை என்று. அவர் அதை முறைப்படி பொலிஸில் ஒப்படைக்கப் போவதாகச் சொன்னார். மூத்த காக்காவின் பெயரில் ஒரு ஒற்றைக் குழலுக்கு விண்ணப்பம் போட்டிருக்கிறோம். காலம் எடுக்கும். அது வரும் வரை முறை வைத்துக் காவல் இருக்கிறோம், பக்கத்து நான்கு வயல்காரரும் சேர்ந்து. தனித்தனியாக இருந்ததை விட இது பரவாயில்லை.

இனி இந்தப் பதிவின் உண்மையான காரணத்துக்கு வருகிறோம். பத்திரம் கிடைக்கப் பிந்துகிறது என்று சொல்லிச் சிலர் கட்டுத்துவக்குக் கட்டுகிறார்கள். பன்றியின் தோள் உயரத்துக்குக் கம்பி இழுக்கிறார்கள். அந்த உயரம் ஒரு மனிதனுக்கு முழங்கால் உயரம். விறகுக்குப் போகிற பெண்ணுக்கும், மாடு தேடிப் போகிற பையனுக்கும், கம்பிக்கும் வித்தியாசம் தெரியாது. எங்களிடம் படித்த ஒரு பிள்ளையின் வாப்பா இன்று ஒரு காலோடுதான் பாடசாலைக் கூட்டத்துக்கு வருகிறார். கட்டியவர் யார் என்பது ஊருக்குத் தெரியும், அவரும் பன்றிக்குத்தான் கட்டினார். வாயில் வெடிக்கிற ஹக்கபட்டாஸும் அப்படித்தான். பன்றிக்கென்று வைத்ததை யானைக்குட்டி கடிக்கிறது, நம் வீட்டு மாடும் கடிக்கிறது.

ஆகவே சில வேண்டுகோள்கள்.

1. பயிருக்குத் துவக்கு தேவை என்றால் விண்ணப்பியுங்கள். கமநல சேவை நிலையத்திலும் பிரதேச செயலகத்திலும் கேட்டால் வழி சொல்வார்கள். படிவம் நிரப்பத் தெரியாதவர்கள் பின்னேரம் எங்கள் வீட்டுக்கு வாருங்கள், நிரப்பித் தருகிறோம்.

2. பழைய துவக்கு வாங்குவதாக இருந்தால், அனுமதி கைக்கு வருமுன் ஒரு ரூபாயும் முற்பணம் கொடுக்க வேண்டாம். துவக்கின் இலக்கமும் பத்திரத்தின் இலக்கமும் ஒன்றா என்று பாருங்கள்.

3. வீட்டில் துவக்கு வைத்திருந்தவர் மவுத்தாகிவிட்டால், ஞாபகத்துக்கென்று அலுமாரிக்கு மேல் வைக்காதீர்கள். பொலிஸில் ஒப்படைத்து ரசீது எடுங்கள். பிறகு முறைப்படி மாற்றலாம்.

4. துவக்கு ஒரு பூட்டில், தோட்டா வேறு பூட்டில். திறப்பு எங்கே என்று பிள்ளைகளுக்குத் தெரியக்கூடாது.

5. யாராவது கட்டுத்துவக்குக் கட்டியிருப்பது தெரிந்தால், அவரிடம் நேரே போய்ப் பேசுங்கள். கேட்காவிட்டால் சொல்ல வேண்டிய இடத்தில் சொல்லுங்கள். அது காட்டிக்கொடுப்பது அல்ல, ஒரு காலைக் காப்பாற்றுவது.

சிறுபோகம் தொடங்கப் போகிறது. காவல் முறையில் சேர விரும்புகிற வட்டைக்காரர்கள் வெள்ளிக்கிழமை ஜும்ஆவுக்குப் பிறகு பள்ளிவாசல் முன்றலில் எங்களைச் சந்தியுங்கள். அல்லாஹ் எல்லாருடைய விளைச்சலிலும் பரக்கத் செய்வானாக.