பழைய துரப்பணம், புதிய வேலி

தமிழ் இலக்கியம் கற்பிப்பவனுக்கு இரும்போடு என்ன வேலை என்று நண்பர்கள் கேட்கிறார்கள். கேள்வி நியாயமானதுதான். எங்கள் வீட்டுப் பின்புறக் கொட்டகையில், புத்தகங்களுக்கென்று ஒதுக்கியிருந்த மூலையில், ஓராண்டாக ஒரு பழைய துளையிடும் இயந்திரம் நின்றுகொண்டிருக்கிறது. ஆளுயர வார்ப்பிரும்புத் தூண், உச்சியில் பற்சக்கரங்கள், பின்புறம் பெல்ட் ஓடும் படிப்படியான உருளைகள். பட்டறைக்காரர்கள் இதைப் 'பில்லர் டிரில்லிங்' என்பார்கள். நம்மிடமும் இதற்கு ஒரு பழஞ்சொல் உண்டு: துரப்பணம்.

தச்சர்களின் துரப்பணத்தைக் கண்டவர்களுக்கு இந்த இயந்திரம் அந்நியமாகத் தோன்றாது. வில்லில் கட்டிய கயிறு தண்டை ஒருமுறை சுற்றி வரும். வில்லை முன்னும் பின்னும் இழுத்தால் தண்டு இருபுறமும் மாறிமாறிச் சுழலும். அந்தக் கயிற்றை முடிவில்லாத வளையமாக்கிச் சுழற்சியை ஒரே திசைக்குக் கொண்டுவந்தால் கிடைப்பது பெல்ட் இயந்திரம். 1863-இல் ஸ்டீபன் மோர்ஸ் என்ற அமெரிக்கர் திருகு வடிவத் துளைக்கருவிக்குக் காப்புரிமை பெற்றார். ஒரே திசையில் சுழலும்போது இரும்புச் சீவல்கள் அந்தத் திருகின் வழியே தாமாகவே மேலேறி வெளியே வந்துவிடும்.

என்னிடம் வந்த இயந்திரத்தின் அடித்தண்டில் அருகருகே இரண்டு உருளைகள் இருக்கின்றன. ஒன்று தண்டோடு பிணைந்தது. மற்றது தண்டின்மேல் சும்மா சுழல்வது. அக்காலப் பட்டறைகளில் இயந்திரத்துக்கு ஒரு மோட்டார் என்ற வழக்கம் இல்லை. கூரையை ஒட்டி நெடுக ஓடும் ஒற்றைத் தண்டிலிருந்து எல்லா இயந்திரங்களுக்கும் பெல்ட்டுகள் இறங்கும். தண்டு நாள் முழுதும் சுழன்றுகொண்டே இருக்கும். இயந்திரத்தை நிறுத்த வேண்டுமானால் பெல்ட்டைச் சும்மா சுழலும் உருளைக்கு ஒரு கவைக்கோலால் தள்ளிவிடுவார்கள். பைக்காரா மின்நிலையம் 1932-இல் இயங்கத் தொடங்கிக் கோவைப் பகுதிக்கு மின்சாரம் வந்தபின் ஆலைகளும் பம்புப் பட்டறைகளும் பெருகின. காலப்போக்கில் ஒவ்வோர் இயந்திரத்துக்கும் தனி மோட்டார் வந்தது. கூரைத் தண்டுகள் கழற்றப்பட்டன. அவற்றை நம்பி வாழ்ந்த இயந்திரங்கள் ஒவ்வொன்றாகப் பழைய இரும்புக் கடைகளுக்குப் போயின.

அப்படிப்பட்ட ஒரு கடையில்தான் இதைக் கண்டேன். எடைபோட்டு விற்றார்கள்: 280 கிலோ, கிலோ 45 ரூபாய், ஆக 12,600. 'குட்டியானை' வண்டியில் ஏற்றி வீடு சேர்த்தபோது தெருவே வேடிக்கை பார்த்தது. அதன்பின் என்ன செய்வதென்று வழிகாட்டியவர் எங்கள் தெருக்கோடியில் வசிக்கும் பெரியவர். நாற்பது ஆண்டுகள் பட்டறைகளில் ஃபிட்டராக இருந்தவர். அவருடைய வலக்கை மோதிரவிரலில் மேல் இரண்டு கணுக்கள் இல்லை.

மண்ணெண்ணெய் ஊற்றி ஒருவாரம் ஊறவிட்டு, ஒவ்வொரு மரையாகக் கழற்றினோம். துரு ஏறிய சிறு பாகங்களைச் சலவைச் சோடா கரைத்த நீரில் மூழ்கவைத்து, பேட்டரி சார்ஜரின் எதிர்முனையை அவற்றோடும் நேர்முனையை ஒரு பழைய இரும்புத் தகட்டோடும் இணைத்தோம். மறுநாள் துரு சேறாய்க் கழன்றது. தூணில் பச்சை வண்ணம், அதன்கீழ் சாம்பல், அதன்கீழ் கறுப்பு. பெயர்த்தகடு இருந்த இடத்தில் இரண்டு ஆணித் துளைகள் மட்டுமே மிஞ்சியிருந்தன.

கல்லூரியில் நான் சுவடிப் பதிப்பியல் நடத்துகிறேன். செல்லரித்த இடத்தைத் தன் கற்பனையால் நிரப்பக் கூடாது, நிரப்பினால் அது தன் சேர்க்கை என்பது வாசகனுக்குத் தெரிய வேண்டும் என்று ஆண்டுதோறும் மாணவர்களுக்குச் சொல்லி வருகிறேன். கொட்டகையிலும் அந்த விதியையே கடைப்பிடித்தேன். பெயர்த்தகட்டின் இடம் வெற்றிடமாகவே இருக்கிறது. மேசைப்பலகையில் யாரோ குறிதவறி இட்ட பதினோரு அரைத்துளைகளை அடைக்கவில்லை. அவை வேலை பழகிய பையன்களின் கைத்தடங்கள் என்றார் பெரியவர்.

மேல்தண்டின் தாங்கி தேய்ந்து, தண்டு ஆடியது. பால் பேரிங் போட்டால் ஒருநாள் வேலைதான். ஆனால் அதற்காக மூலவார்ப்பைக் கடைந்தெடுக்க வேண்டும். எனவே பழைய முறைப்படி ஒயிட் மெட்டல் ஊற்றுவதென்று முடிவாயிற்று. உலோகம் ஒட்டாதிருக்கத் தண்டின்மேல் விளக்குப் புகை பிடித்தோம். ஓரங்களைக் களிமண்ணால் அடைத்தோம். உருகிய உலோகத்தில் ஒரு மரக்குச்சியைத் தோய்த்து, அது கருகும் பதம் பார்த்து, பெரியவர் ஒரே மூச்சில் ஊற்றினார். ஆறியபின் தண்டில் நீலம் பூசிச் சுழற்றி, நீலம் பட்ட மேடுகளை மட்டும் சுரண்டினோம். சுழற்றுவதும் சுரண்டுவதுமாக மூன்று நாட்கள் போயின.

தட்டைப் பெல்ட் எப்படி உருளையைவிட்டு நழுவாமல் ஓடுகிறது என்பது எனக்கு நெடுநாள் வியப்பு. உருளையின் முகம் கண்ணுக்குத் தெரியாத அளவு நடுவில் மேடாக இருக்கிறது. ஓடும் பெல்ட் எப்போதும் மேட்டை நோக்கியே ஏறும். ஆகவே நடுவிலேயே நிலைக்கும். மேலே பெரிய படிக்கு நேராகக் கீழே சிறிய படி இருப்பதால், எந்தப் படிக்கு மாற்றினாலும் அதே பெல்ட் போதும். சிறு துளைக்கு வேகம், பெருந்துளைக்கு நிதானம். புதிய தோல் பெல்ட்டைப் பூட்டி, கூரைத் தண்டுக்குப் பதிலாக ஒரு குதிரைத்திறன் மோட்டாரை அமர்த்தி ஓடவிட்டபோது எழுந்த ஓசை, இரைச்சல் என்று சொல்ல முடியாத மெல்லிய சரசரப்பு.

வேலை முடிந்தது என்றே நினைத்தேன். பெரியவர், "பெல்ட்டுக்கு வேலி போட்டரோணுமுங்க" என்றார்.

மூலத்தில் வேலி இல்லை. வேலி போட்டால் பெல்ட்டின் ஓட்டம் மறையும்; அந்த ஓட்டத்துக்காகவே நான் இதை வாங்கினேன். 1948-இல் இயற்றப்பட்ட தொழிற்சாலைகள் சட்டத்தின் 21-ஆம் பிரிவு, இயங்கும் ஆபத்தான பாகங்களுக்கு வேலி வேண்டும் என்றது. இந்த இயந்திரம் அதற்கு முந்தைய வார்ப்பாகத்தான் இருக்க வேண்டும். இதையெல்லாம் அவரிடம் சொன்னேன். எவரும் வேலை செய்யாத வீட்டுக் கொட்டகைக்குச் சட்டம் எதற்கு என்றும் கேட்டேன்.

அவர் மறுக்கவில்லை. "ஓடறது பாக்க அழகாத்தானுங்க இருக்கும். நானும் பாத்துட்டேதான் இருந்தனுங்க" என்று சொல்லிவிட்டு, கையைத் துணியில் துடைத்துக்கொண்டார். எந்தப் பட்டறை, எந்த ஆண்டு என்று அவர் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை.

பாடத்தைக் காப்பது பதிப்பாசிரியன் கடமை. ஆனால் இந்தப் பாடத்தை எழுதியவர்களில், வார்த்தவனோடு இதன்முன் நின்று வேலை செய்தவர்களும் உண்டு. மேசைப்பலகையின் அரைத்துளைகளை மதித்துவிட்டு அந்த விரலை மறப்பது எந்தப் பதிப்பு நெறியிலும் சேராது. பழமையை அப்படியே மீட்கிறோம் என்ற பெயரில் அதன் ஆபத்தையும் மீட்க வேண்டியதில்லை.

இரும்பு வலையால் வேலி செய்தோம். இயந்திரத்துக்குச் சாம்பல் வண்ணம், வேலிக்கு மஞ்சள். பின்வந்த சேர்க்கை என்பது எவருக்கும் ஒரே பார்வையில் தெரிய வேண்டும் என்பதற்காகத்தான். நம் அடைப்புக்குறி செய்வதும் அதைத்தானே? நான்கே திருகுகள், மூலவார்ப்பில் புதுத்துளை ஏதும் இடவில்லை. வலையின் கண்கள் வழியே பெல்ட் ஓடுவது இப்போதும் தெரிகிறது, விரல் மட்டும் நுழையாது.

முதல் வேலையாக, புத்தக அலமாரிக்கான பட்டை இரும்பில் 12 மில்லிமீட்டர் துளை இட்டோம். இரும்பைக் கையால் பிடிக்க விடாமல் வைஸில் இறுக்கச் சொன்னார். பிடியை இறக்கியதும் இரண்டு சீவல்கள் சமமாகச் சுருண்டு எழுந்தன. முனை இருபுறமும் சரியாகத் தீட்டப்பட்டிருக்கிறது என்பதற்கு அதுவே அடையாளமாம்.