வாடகை ஏறாது என்றான் அண்ணன்

வீட்டுக்காரர் ஒருவர் குடியிருப்பவருக்குக் கடிதம் எழுதுகிறார். வாடகை பழையபடியே இருக்கும், ஏற்றப்போவதில்லை. தேவைப்படும்வரை அங்கேயே இருந்துகொள்ளலாம், வீட்டை விற்கும் எண்ணமும் இல்லை. தில்லியில் வாடகைக்குக் குடியிருக்கும் எந்தக் குடும்பமும் இப்படி ஒரு கடிதம் வந்தால் சாமி படத்துக்குப் பக்கத்தில் வைத்துக் கும்பிடும். பிம் கும்பிடவில்லை. ஆனால் தூக்கி எறியவும் இல்லை. ஆண்டுக்கணக்காகப் பத்திரமாக வைத்திருக்கிறாள், ஆறாத காயத்துக்கு ஓர் அத்தாட்சி போல. காரணம் எளிது. கடிதத்தை எழுதிய வீட்டுக்காரன் அவளுடைய சொந்த அண்ணன்.

அனிதா தேசாய் 1980-ல் எழுதிய ‘கிளியர் லைட் ஆஃப் டே’ நாவலின் நாயகி பிம்லா என்கிற பிம். அந்த ஆண்டு புக்கர் பரிசின் இறுதிப் பட்டியலில் இடம்பெற்ற புத்தகம் அது. தேசப் பிரிவினையைப் பற்றிய நாவல் என்று சிலர் சொல்வார்கள். முதிர்கன்னி ஒருத்தியின் கதை என்று வேறு சிலர். இரண்டும் சரிதான். ஆனால் புத்தகத்தை மூடிவைத்த பிறகும் மனதில் தங்குவது வேறொன்று: விலகிப்போன ஓர் அண்ணன்மீது ஒரு தங்கை விடாமல் வைத்திருக்கும் அன்பு. அது அன்பு என்று அவளுக்கே தெரியவில்லை. கோபம் என்றுதான் நினைத்துக்கொண்டிருக்கிறாள்.

யமுனையை ஒட்டிய பழைய தில்லிப் பகுதியில் ஒரு பழைய பங்களா. தோட்டம், ரோஜாப் பாத்திகள், தூசி. நான்கு குழந்தைகள்: ராஜா, பிம், தாரா, கடைசியில் மனவளர்ச்சி குன்றிய பாபா. அப்பாவும் அம்மாவும் மாலையானால் ரோஷனாரா கிளப்புக்குச் சீட்டாடப் போய்விடுவார்கள். குழந்தைகளை வளர்ப்பது மீரா மாசி என்ற விதவை உறவினர். பெற்றவர்கள் கண்டுகொள்ளாத வீட்டில் குழந்தைகள் ஒருவரையொருவர் பெற்றோராக்கிக்கொள்வது இயல்பு. பிம்முக்கு எல்லாமாக இருந்தவன் ராஜா. அவன் பைரனையும் டென்னிசனையும் உரக்கப் படிப்பான். அவள் கேட்பாள். பெரியவனானால் என்ன ஆவாய் என்ற பேச்சு வரும்போது நாயகன் ஆவேன் என்கிறான் ராஜா. நாயகி ஆவேன் என்கிறாள் பிம். அம்மாவாக ஆவேன் என்ற தாராவைப் பார்த்து இருவரும் சிரிக்கிறார்கள்.

ஒரு நாள் ராஜா இல்லாத நேரத்தில் தங்கைகள் இருவரும் அவனுடைய கால்சட்டைகளை எடுத்து மாட்டிக்கொள்கிறார்கள். பிம்மை வியக்கவைப்பது அதிலிருக்கும் பாக்கெட்டுகள். கையை உள்ளே விட்டுக்கொண்டு நடந்தால் ஏதோ சொத்து கிடைத்த மாதிரி ஒரு மிடுக்கு வருகிறது. அண்ணன்மீது அவள் வைத்த அன்பில் இந்த ஏக்கமும் கலந்திருந்தது. அவனோடு இருந்தால் மட்டும் போதாது, அவனைப் போலவே உலகத்தில் நடமாட வேண்டும். இந்திய வீடுகளில் எத்தனையோ தங்கைகளுக்கு வெளியுலகின் முதல் ஜன்னல் அண்ணன்தான். ஜன்னல் மூடிக்கொள்ளும்போது இழப்பு இரட்டிப்பாகிறது.

அவர்கள் குடியிருக்கும் வீட்டுக்குச் சொந்தக்காரர் ஹைதர் அலி. வெள்ளைக் குதிரையில் ஏறி ஆற்றங்கரையில் சவாரி போகும் கம்பீரமான மனிதர். அவருடைய நூலகத்தில் ராஜா உருதுக் கவிதையைக் கண்டுகொள்கிறான். ஜாமியா மில்லியாவில் இஸ்லாமியக் கல்வி படிக்க ஆசைப்படுகிறான். காலம் சரியில்லை, இந்துப் பையன் அங்கே போனால் இரு தரப்பிலும் ஆபத்து என்று அப்பா மறுத்துவிடுகிறார். அப்பா நினைத்தது சரியாகவே போய்விடுகிறது. 1947 கோடையில் நகரம் பற்றி எரிகிறது. ஹைதர் அலியின் குடும்பம் யாருக்கும் சொல்லாமல் வீட்டைக் காலிசெய்துவிட்டுப் போகிறது. ராஜாவோ காசநோயில் படுக்கையில் கிடக்கிறான்.

அந்தக் கோடையில் பிம் செய்த வேலைகளைக் கணக்கெடுத்தால் ஒரு குடும்பமே அவள் தோளில் இருந்தது புரியும். ராஜாவுக்கு உடம்பு துடைத்துவிடுவாள், சாப்பாடு ஊட்டுவாள், புத்தகம் படித்துக் காட்டுவாள். மொட்டை மாடிக்கு ஏறித் தொலைவில் தெரியும் தீயைப் பார்த்து வந்து அவனுக்குச் சேதி சொல்வாள். பெற்றோர் இருவரும் போய்விட்டார்கள். மீரா மாசி குடிப்பழக்கத்தில் கரைந்துகொண்டிருக்கிறார். பாபா பக்கத்து வீட்டில் கிடைத்த பழைய கிராமபோனில் அதே இசைத்தட்டுகளைத் திரும்பத் திரும்ப வைத்துக் கேட்கிறான். தாரா, பகுல் என்ற வெளியுறவு அதிகாரியை மணந்துகொண்டு நாட்டைவிட்டே போகிறாள். 1948 ஜனவரி 30-ன் துக்கமும் அந்த வீட்டுக்குள் வருகிறது. அதன் பின் ராஜா எழுந்து நடக்கிறான், உடம்பு தேறுகிறது. ஹைதர் அலி இருக்கும் ஹைதராபாதுக்குப் புறப்பட்டுப் போய்விடுகிறான். அவருடைய மகள் பெனசீரை மணந்து அங்கேயே தங்கிவிடுகிறான்.

ராஜா போனது தவறு என்று சொல்லிவிட முடியாது. மதத்தைச் சொல்லி மனிதர்கள் வெட்டிக்கொண்ட நாளில், தனக்குப் பிடித்த மொழியையும் மனிதர்களையும் அவன் தேர்ந்துகொண்டான். அந்தத் துணிச்சலைப் பிம்மும் மதித்திருப்பாள். அவளை உறுத்தியது வேறு. நாயகன் குதிரை ஏறிப் போனபின், வாய் பேசாத தம்பியைப் பார்த்துக்கொள்ள மிஞ்சியது நாயகி மட்டும்.

அவளை விரும்பிய டாக்டர் பிஸ்வாஸ் இதைப் பார்த்துவிட்டு ஒரு முடிவுக்கு வருகிறார். மற்றவர்களுக்காக வாழ்க்கையை அர்ப்பணித்துவிட்டதால்தான் இவள் கல்யாணம் செய்துகொள்ளவில்லை என்று அவளிடமே சொல்கிறார். பாராட்டாகத்தான் சொல்கிறார். பிம்முக்கு வருவதோ ஆத்திரம். தியாகி என்ற பட்டத்தை அவள் கேட்கவில்லை. நம் ஊர்களில் இந்தப் பட்டத்தைத் தாராளமாகக் கொடுத்துவிடுகிறார்கள். கொடுத்தபின் கடமை முடிந்தது. தியாகிக்குக் கோபம் வரலாம், அலுப்பு வரலாம், அண்ணன் ஒரு நடை வந்து பார்த்துவிட்டுப் போகக்கூடாதா என்ற ஏக்கம் வரலாம் என்பதெல்லாம் யாருக்கும் தோன்றுவதில்லை.

மாமனார் இறந்தபின் தில்லி வீடும் ராஜாவின் பொறுப்புக்கு வருகிறது. அப்போது எழுதியதுதான் அந்தக் கடிதம். வரிக்கு வரி பார்த்தால் அதில் தவறே கிடையாது. நல்ல மனதோடுதான் எழுதியிருப்பான். ஆனால் வாடகை ஏறாது என்ற வாக்குறுதி பிம்முக்கு எதற்கு? தில்லியில் வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டம் நெடுநாளாகவே உண்டு. 1958-ல் வந்த சட்டப்படி வீட்டுக்காரர் நினைத்தபோது வாடகையை ஏற்றவும் முடியாது, குடியிருப்பவரைக் கிளப்பவும் முடியாது. முன்பின் தெரியாத குடித்தனக்காரருக்குச் சட்டம் கொடுக்கும் பாதுகாப்பைத்தான் அண்ணன் பெருந்தன்மையோடு தங்கைக்குக் கொடுக்கிறான். சட்டம் கொடுக்க முடியாத ஒன்றை அவள் எதிர்பார்த்திருந்தாள். அது அந்தக் கடிதத்தில் இல்லை.

சகோதரனுக்கும் சகோதரிக்கும் நடுவில் சொத்து வந்து நிற்பது இந்தியாவில் புதிதல்ல. 1956-ன் இந்து வாரிசுரிமைச் சட்டம் அப்பாவின் சுயசம்பாத்தியத்தில் மகளுக்கும் பங்கு தந்தது. 2005-ல் வந்த திருத்தம் பூர்வீகச் சொத்திலும் சம உரிமை தந்தது. ஆனாலும் பத்திர அலுவலகத்தில் விடுதலைப் பத்திரத்தில் கையெழுத்துப் போட்டுவிட்டு வரும் பெண்கள் நிறைய. பிறந்த வீட்டுக் கதவு திறந்திருக்க வேண்டும், ராக்கி கட்ட ஒரு கை வேண்டும் என்பதற்காகப் பங்கை விடுகிறார்கள். பொருளாதார அறிஞர் பீனா அகர்வால் 1994-ல் வெளியிட்ட ‘எ ஃபீல்ட் ஆஃப் ஒன்ஸ் ஓன்’ நூல் இதை விரிவாகவே ஆராய்ந்திருக்கிறது. பிம்முக்கு விட்டுக்கொடுக்கக்கூட எதுவும் இல்லை. பிறந்து வளர்ந்த வீட்டுக்கே அண்ணன் சொந்தக்காரன், அவள் குடித்தனக்காரி. பல பெண்களுக்கு வெளியே தெரியாமல் நடப்பது அவளுக்கு ஒரு கடிதத்தில் எழுத்துமூலமாக வந்துசேர்ந்தது.

ஆண்டுகள் ஓடுகின்றன. பிம் இப்போது பெண்கள் கல்லூரியில் சரித்திரம் கற்பிக்கிறாள். தலை நரைத்துவிட்டது. ராஜாவின் மகள் கல்யாணத்துக்காக ஹைதராபாத் போகும் வழியில் தாரா தில்லிக்கு வருகிறாள். நீயும் வா என்று அக்காவைக் கெஞ்சுகிறாள். பிம் மறுக்கிறாள். பழைய கடிதத்தை எடுத்துக் காட்டுகிறாள். அண்ணன் பணக்காரனாகிவிட்டதைக் கேலிசெய்கிறாள். அவன் இளவயதில் எழுதிய உருதுக் கவிதைகளையும் எடுத்து வருகிறாள். எல்லாம் பெரிய கவிஞர்களின் சாயல், சொந்தச் சரக்கு இல்லை என்பது அவள் தீர்ப்பு.

தீர்ப்பு கறார்தான். ஆனால் சரக்கில்லாத கவிதைகளை இத்தனை ஆண்டுகள் யார் பாதுகாப்பார்கள்? வெறுத்துவிட்ட மனிதனின் கையெழுத்தை எந்த வீட்டிலும் கரையானுக்கு விட்டுவிடுவார்கள். பிம்மின் வீட்டில் கவிதையும் இருக்கிறது, கடிதமும் இருக்கிறது. அவள் மறக்க விரும்பிய அண்ணன் அந்த வீட்டில் ஒரு நாளும் இல்லாமல் போனதில்லை. கோபம் என்பது சில சமயம் உறவு அறுந்துபோகாமல் பிடித்துக்கொள்ளும் கடைசிக் கயிறு. அன்பாகப் பேச வழியில்லாதபோது சண்டையாகவாவது தொடர்பு இருக்கட்டும் என்று மனம் நினைக்கும்போலும்.

அந்தக் கோபம் ஒரு நாள் தவறான இடத்தில் வெடிக்கிறது. அப்பாவின் இன்ஷூரன்ஸ் கம்பெனிப் பங்குகளை விற்பதா வேண்டாமா என்ற கவலையில் இருக்கும் பிம், பதில் சொல்லத் தெரியாத பாபாவிடம் போய்ச் சீறுகிறாள். உன்னை ஹைதராபாதுக்கு அனுப்பிவிடுவேன், ராஜாவோடு இருந்துகொள் என்கிறாள். பாபா ஒன்றும் சொல்வதில்லை. அந்த மௌனத்தில் அவளுக்குத் தன் முகம் தெரிகிறது. ராஜாவிடம் கேட்க வேண்டியதை அவனிடம் கேட்காமல், எதிர்த்துப் பேச முடியாத ஒருவன்மீது கொட்டிவிட்டாள்.

அன்றிரவு தூக்கம் வராமல் ஔரங்கசீப்பின் கடைசி நாள்களைப் பற்றிப் படிக்கிறாள். 1659-ல் மூத்த சகோதரன் தாரா ஷிகோவைக் கொல்லச் செய்தவர், 1707-ல் தக்காணத்தில் உயிர்விடும்போது தனியாகப் போகிறேன் என்று மனம் கசந்தவர். சரித்திர ஆசிரியைக்கு இது புதிய பாடமல்ல. ஆனால் அன்றைக்கு அது வேறு மாதிரி கேட்கிறது. கட்டுக்கட்டாகப் பழைய காகிதங்களை எடுத்துக் கிழிக்கத் தொடங்குகிறாள். ராஜாவின் கடிதமும் அவற்றோடு போகிறது.

இதை மன்னிப்பு என்று மட்டும் சொன்னால் போதாது. மன்னிப்பவர் மேலே நிற்கிறார், மன்னிக்கப்படுபவர் கீழே. பிம் அப்படி நிற்கவில்லை. தன் அன்பிலும் ஓட்டை உண்டு, கசப்பு உண்டு, அதைச் சரிசெய்ய வேண்டியவளும் தானே என்பது அவளுக்குப் புரிகிறது. கல்யாணத்துக்கு அவள் போகவில்லை. பாபாவை விட்டுவிட்டுப் போக முடியாது. ஆனால் ராஜாவை இங்கே வரச்சொல் என்று தாராவிடம் சொல்லி அனுப்புகிறாள். அவன் வந்தானா என்பது நாவலில் இல்லை. அவன் வந்தாலும் வராவிட்டாலும் அவள் கூப்பிட்டுவிட்டாள். அதற்குத்தான் அவளுக்கு இத்தனை ஆண்டுகள் ஆயின.

இந்தக் கதை பழசாகிவிடவில்லை. இன்று ராஜாக்கள் ஹைதராபாதைத் தாண்டி நியூஜெர்சியிலும் மெல்பர்னிலும் இருக்கிறார்கள். கடிதம் எழுத வேண்டியதில்லை, போனில் முகம் பார்த்தே பேசலாம். படுக்கையில் கிடக்கும் பெற்றவர்களைப் பார்த்துக்கொள்ளும் தங்கைக்குப் பணம் போட்டாயிற்று என்று ஒரு வரிச் செய்தி வருகிறது. பணம் அவசியம்தான், மருந்துக்கடைக்காரர் அன்பை வாங்கிக்கொண்டு மாத்திரை தரமாட்டார். ஆனால் நீ எப்படி இருக்கிறாய் என்ற கேள்வி அந்த வரியில் இருக்காது. அனுப்பியவன் கெட்டவனல்ல, அவனுக்குத் தோன்றவில்லை. அவளும் சொல்லவில்லை. இருவருக்கும் இடையிலான தூரம் இப்படித்தான் வளர்கிறது. கேட்காதவன் ஒரு பக்கம், சொல்லாதவள் மறுபக்கம்.

பிம்மிடமிருந்து இன்றைய சகோதரிகள் எடுத்துக்கொள்ளக்கூடியது அவளுடைய பொறுமையை அல்ல. பொறுமையால் அவளுக்கு ஒன்றும் கிடைக்கவில்லை, கசப்புதான் சேர்ந்தது. எடுத்துக்கொள்ள வேண்டியது கடைசியில் அவள் செய்ததை. வா என்று வாய்விட்டுச் சொன்னாள்.

நாவலின் கடைசி இரவில் பக்கத்து வீட்டுத் தோட்டத்தில் கச்சேரி நடக்கிறது. பிம் பாபாவோடு போய் உட்கார்ந்திருக்கிறாள். வயதான பாடகர் ஒருவர் இக்பாலின் கவிதையை எடுத்துப் பாடுகிறார். ராஜா உருது படித்த நாள்களில் நேசித்த கவி இக்பால். ராஜா 1,500 கிலோமீட்டருக்கும் அப்பால் மகள் கல்யாண வேலைகளில் இருக்கிறான். அவன் பாட்டு இங்கே கேட்கிறது. பிம்முக்கு வரிகள் புரிகின்றன. அவனிடமிருந்து கற்றுக்கொண்டதுதான்.