கூட்டமில்லாத ஜப்பான்: அரிவாள் மூக்கனைத் தேடி சாடோ தீவுக்கு!

செம்பரம்பாக்கம் ஏரிக்கரையைத் தாண்டி ஸ்ரீபெரும்புதூர், ஒரகடம் பக்கம் போனால் ஜப்பான் ஒன்றும் தூரத்து நாடாகத் தெரியாது. யமஹா, கோமட்சு என்று வழிநெடுக ஜப்பானியப் பெயர்ப் பலகைகள். ஷிப்ட் பஸ்ஸுக்குக் காத்திருக்கும் ஊழியர்களில் பயிற்சிக்காக ஜப்பான் போய் வந்தவர்களும் உண்டு. 'ஒருமுறை குடும்பத்தோடு போக வேண்டும்' என்ற ஆசை இந்தப் பகுதி வீடுகளில் முளைப்பதில் ஆச்சரியம் இல்லை.

ஆனால், எங்கே போவது? டோக்கியோ, கியோட்டோ, ஃபியூஜி மலை என்றுதான் எல்லோரும் சொல்வார்கள். 2024-ல் மட்டும் 3.6 கோடிக்கும் மேற்பட்ட வெளிநாட்டினர் ஜப்பானுக்கு வந்தார்கள். கியோட்டோவின் கியோன் பகுதியில், தனியார் சந்துகளுக்குள் சுற்றுலாப் பயணிகள் நுழையவே தடை போடும் அளவுக்கு நிலைமை போனது. கடன் வாங்கியும் சீட்டுப் பணம் எடுத்தும் போகிற பயணம், திருவிழாக் கூட்டத்தில் இடிபடுவதாக முடிந்தால் மனசு கேட்குமா?

அப்படி யோசிக்கிறவர்களுக்கு ஏற்ற இடம், ஜப்பானின் மேற்குக் கடலில் இருக்கும் சாடோ தீவு.

தங்கமும் நாடுகடத்தலும்

சுமார் 855 சதுர கிலோமீட்டர் பரப்புள்ள பெரிய தீவு இது. இரண்டு மலைத்தொடர்களுக்கு நடுவே பச்சைப் பசேலென்று நெல் வயல்கள். அந்தக் காலத்தில், அரசுக்கு ஆகாதவர்களை இங்கேதான் நாடுகடத்தினார்கள். 1221-ல் ஜுன்டோகு என்ற பேரரசர் வந்தார். 1434-ல் 'நோ' நாடகக் கலையின் மேதையான ஸெயாமி வந்தார். தண்டனையாக வந்தவர்களின் கலைதான் இன்று தீவுக்குப் பெருமை. 30-க்கும் மேற்பட்ட நோ நாடக மேடைகள் இங்கே இருக்கின்றன. ஜூன் மாதத்தில் தீப்பந்த வெளிச்சத்தில் நாடகங்கள் நடக்கும்.

1601-ல் இங்கே தங்கச் சுரங்கம் தொடங்கியது. 1989 வரை வேலை நடந்தது. தங்கத்துக்காகத் தோண்டித் தோண்டியே ஒரு மலையின் உச்சி இரண்டாகப் பிளந்து நிற்கிறது. 2024 ஜூலையில் இந்தச் சுரங்கங்களுக்கு யுனெஸ்கோ உலகப் பாரம்பரியச் சின்னம் என்ற தகுதி கிடைத்தது. அந்த முடிவு எடுக்கப்பட்டது நம் டெல்லியில் நடந்த கூட்டத்தில்! இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் கொரியத் தொழிலாளர்கள் இங்கே பட்ட பாட்டையும் சொல்ல வேண்டும் என்று தென்கொரியா வலியுறுத்தியது. அதற்கான கண்காட்சி அருகிலுள்ள அருங்காட்சியகத்தில் இருக்கிறது. சுரங்கத்தைப் பார்ப்பவர்கள் அதையும் பார்த்துவிட வேண்டும்.

பறவைக்காக மாறிய விவசாயம்

சாடோவின் செல்லப்பிள்ளை 'டோக்கி' என்ற பறவை. நம் வேடந்தாங்கலுக்கு வரும் அரிவாள் மூக்கனின் உறவு. சிவந்த முகம், இறக்கை விரித்தால் இளஞ்சிவப்பு. நாற்றை மிதிக்கிறது என்று விரட்டினார்கள், இறகுக்காக வேட்டையாடினார்கள். பூச்சிமருந்து அதன் இரையையும் அழித்தது. 1981-ல் காட்டில் மிச்சமிருந்த ஐந்தையும் பிடித்துக் கூண்டில் வைத்துக் காப்பாற்றப் பார்த்தார்கள். பலனில்லை. ஜப்பானின் பூர்வீக டோக்கிகளில் கடைசியானது 2003-ல் இறந்தது.

ஆனாலும் கதை முடியவில்லை. 1999-ல் சீனா ஒரு ஜோடியைப் பரிசாகக் கொடுத்திருந்தது. அதன் வாரிசுகள் பெருகி, 2008-ல் 10 பறவைகள் வெளியே விடப்பட்டன. விட்டால் போதுமா, சாப்பிட என்ன இருக்கிறது? அங்கேதான் விவசாயிகள் கைகொடுத்தார்கள். மருந்தையும் ரசாயன உரத்தையும் பாதியாகக் குறைத்தார்கள். குளிர்காலத்திலும் வயலில் தண்ணீர் தேக்கினார்கள். தவளையும் மீன்குஞ்சும் பிழைத்திருக்க வரப்பு ஓரம் வாய்க்கால் வெட்டினார்கள். இன்று 500-க்கும் மேற்பட்ட டோக்கிகள் சுதந்திரமாகப் பறக்கின்றன. அந்த வயலில் விளைந்த அரிசிக்குத் தனி மவுசு.

வேடந்தாங்கல் மக்கள் வெடிச்சத்தம் இல்லாமல் பறவைகளைக் காத்த கதையை அறிந்தவர்களுக்கு இது புதிதாகத் தோன்றாது. ஒரு வித்தியாசம் உண்டு. 1950-களில் ஒரு லட்சத்தைத் தாண்டியிருந்த சாடோவின் மக்கள்தொகை இன்று ஏறக்குறைய 50 ஆயிரம்தான். இளைஞர்கள் நகரத்துக்குப் போய்விட, வயல்களைப் பார்த்துக்கொள்வது பெரும்பாலும் முதியவர்கள். வயலில் ஆள் இல்லாவிட்டால் பறவைக்கும் இரை இல்லை. உள்ளூர் விடுதியில் தங்கி, உள்ளூர் அரிசியைச் சாப்பிடும் பயணி அங்கே கூட்டமல்ல, துணை.

எப்படித் திட்டமிடலாம்?

* வழி: டோக்கியோவிலிருந்து நீகாட்டாவுக்கு ஷின்கான்சென் ரயிலில் சுமார் இரண்டு மணி நேரம். அங்கிருந்து ரியோட்ஸு துறைமுகத்துக்குக் கப்பலில் இரண்டரை மணி நேரம். வேகப்படகில் ஒரு மணி நேரத்துக்குச் சற்று அதிகம்.

* காலம்: மே, ஜூன், அக்டோபர் நல்லது. குளிர்காலத்தில் கடல் கொந்தளித்தால் படகு ரத்தாகும். விமானத்துக்கு முந்தின நாள் தீவில் இருக்கவே கூடாது. ஒரு நாள் கையிருப்பு வையுங்கள்.

* நாட்கள்: குறைந்தது இரண்டு இரவுகள். ஒகி கிராமத்தில் மரத்தொட்டிப் படகு சவாரி குழந்தைகளுக்குப் பிடிக்கும்.

* வண்டி: பஸ் குறைவு. நம்மைப் போலவே அங்கும் இடதுபக்கம்தான் ஓட்டுவார்கள். ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் சர்வதேச ஓட்டுநர் அனுமதி வாங்கிக்கொண்டால் வாடகைக் கார் எடுக்கலாம்.

* சாப்பாடு: காய்கறி சூப்பிலும் மீன் சாறு கலந்திருக்கும். சைவர்கள் விடுதிக்கு முன்கூட்டியே எழுதிச் சொல்லிவிடுவது நல்லது. புளிக்காய்ச்சலும் பருப்புப்பொடியும் இருந்தால், சாடோ அரிசிச் சோற்றுக்கு வேறென்ன வேண்டும்?

* பறவை: டோக்கி பூங்காவில் நிச்சயம் பார்க்கலாம். வயலில் கண்ணில் பட்டால் காரிலிருந்து இறங்காமல், சத்தம் போடாமல் பாருங்கள். போட்டோவுக்காக வரப்பில் இறங்க வேண்டாம். அது ஒருவருடைய வயல். டோக்கிக்கு அதுதான் சாப்பாட்டு மேசை.